பழைய ஃபென்சிங்கை எப்போது கழற்றலாம்?

மாற்றத்துக்கு அனுமதி கேட்கும் படிவத்தில் 'கிளஸ்டர் ஃபென்சிங் மாற்றம்' என்ற வேலை, அதாவது பதில் தராத சர்வரை அணைத்து ஒதுக்கும் ஏற்பாட்டை மாற்றுவது, பெரும்பாலும் ஒற்றை வரியில் அடங்கிவிடுகிறது. பயனாளர்களுக்குப் பாதிப்பு: இல்லை. சேவை நிறுத்தம்: தேவையில்லை. அபாயம்: குறைவு. வேலை நடக்கும் அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் பார்த்தால் மூன்றுமே சரி. டேட்டாபேஸ் ஓடிக்கொண்டேயிருக்கும், யாருக்கும் எதுவும் தெரியாது. தவறு நடந்திருந்தால் அது வெளிச்சத்துக்கு வருவது பல மாதம் கழித்து, ஒரு சர்வர் நிஜமாகவே விழும் நாளில். மாற்றியவர் அதற்குள் வேறு குழுவுக்குப் போயிருப்பார்.

1985ல் டாண்டம் நிறுவனத்தில் இருந்த ஜிம் கிரே, கணினிகள் ஏன் நின்றுபோகின்றன என்று ஆராய்ந்து ஓர் அறிக்கை எழுதினார். பழுதுகளில் 42 விழுக்காடு நிர்வாகத்தின் கணக்கில் வந்தது: இயக்குபவர் செய்தவை, அமைப்பை மாற்றியவை, பராமரிப்பின்போது நேர்ந்தவை. வன்பொருளின் பங்கு 18 விழுக்காடுதான். பழுதைத் தாங்குவதற்கென்றே கட்டப்பட்ட கணினிகளைப் பற்றிய கணக்கு இது. இயந்திரத்தின் பழுதுக்கு மாற்று ஏற்பாடு செய்துவிட்டால் மிஞ்சி நிற்பது மனிதர் செய்யும் மாற்றங்கள்தான்.

ஃபென்சிங்கை அமைப்பது எப்படி என்பதற்குக் கையேடுகள் நிறைய உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் கிளஸ்டரில் ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வைப்பது எப்படி, எந்தச் சான்றை நம்பிப் பழையதைக் கழற்றுவது என்ற கேள்விக்கு அவை கொடுக்கும் இடம் குறைவு. லினக்ஸ் உலகில் பரவலாக இருக்கும் பேஸ்மேக்கர், கோரோசிங்க் கிளஸ்டரை மையமாக வைத்து அந்தக் கேள்வியை இங்கே பார்க்கலாம். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு சர்வரை உண்மையாகவே அணைத்துக் காட்டாத ஃபென்சிங்கை இல்லாத ஃபென்சிங்காகவே எண்ண வேண்டும். அதனால் புதியது அணைத்துக் காட்டும்வரை பழையது இடத்தைவிட்டு அசையக்கூடாது.

சந்தேகத்தை முடித்துவைக்கும் வேலை

கிளஸ்டரில் உள்ள சர்வர்களுக்கிடையே கோரோசிங்க் ஒரு டோக்கனைச் சுற்றவிடுகிறது. குறித்த நேரத்துக்குள் அது வந்து சேராவிட்டால் ஒரு சர்வர் காணாமல் போய்விட்டதாக அறிவிக்கிறது. அந்த நேரம் முன்பெல்லாம் இயல்பாக 1 விநாடி, 3.1 பதிப்பிலிருந்து 3 விநாடி. பதில் வராததற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். மின்சாரம் போயிருக்கலாம், சுவிட்ச் பழுதாகியிருக்கலாம். கெர்னல் பத்து விநாடி உறைந்துபோய், பிறகு விழித்து, பாதியில் விட்ட டிஸ்க் எழுத்தை விட்ட இடத்திலிருந்து தொடரவும் கூடும். கடைசியாகச் சொன்னதுதான் பயங்கரம். ஏனென்றால் அந்த இடைவெளியில் இன்னொரு சர்வர் அதே டிஸ்கை மவுன்ட் செய்து எழுதத் தொடங்கியிருக்கும்.

ஜிம் கிரேயின் அறிக்கை வந்த அதே 1985ல் ஃபிஷர், லிஞ்ச், பேட்டர்சன் மூவரும் ஒரு முடிவை நிறுவினார்கள். செய்தி எவ்வளவு வேண்டுமானாலும் தாமதமாகலாம், ஒரே ஒரு கணினி செயலிழக்கவும் கூடும் என்றால், எல்லாக் கணினிகளும் தவறாமல் உடன்பாட்டுக்கு வந்து சேரும் என்று உத்தரவாதம் தரும் நிர்ணயமான வழிமுறை எதுவும் கிடையாது. மெதுவாக இருப்பதையும் செத்துப்போனதையும் தூரத்திலிருந்து பிரித்தறிய முடியாது என்பது அதன் வேர். ஃபென்சிங் அந்தச் சந்தேகத்தை ஆராய்வதில்லை. சந்தேகத்துக்கு ஆளான சர்வரை அணைத்து, அல்லது டிஸ்கிலிருந்து வெட்டிவிட்டு, இனி அது எழுத முடியாது என்ற நிலையை உண்டாக்குகிறது. லினக்ஸ்காரர்கள் இதை ஸ்டோனித் என்றும் சொல்வார்கள்.

அந்த உறுதி கிடைக்கும்வரை பேஸ்மேக்கர் சேவையை மறுபக்கம் தொடங்காது. ஜிஎஃப்எஸ்2 போன்ற பகிர்வு ஃபைல் சிஸ்டம் இருந்தால் அதன் பூட்டு மேலாளர் நல்ல சர்வர்களிலும் சேர்த்தே எழுத்தை நிறுத்திவைக்கும். ஆகவே ஃபென்சிங் பழுதானால் இரண்டில் ஒன்று நடக்கும். ஒன்று, ஒரு சர்வர் விழுந்ததும் கிளஸ்டர் முழுதும் உறைந்து நிற்கும். இன்னொன்று, அணைக்காததை அணைத்துவிட்டதாக நம்பி இரு பக்கமும் எழுதத் தொடங்கிவிடும். முதலாவது அன்றைய தினத்தைக் கெடுக்கும். இரண்டாவது தரவையே கெடுக்கும், அதைப் பேக்கப்பிலிருந்துதான் மீட்க வேண்டியிருக்கும்.

'ஸ்டோனித் எனேபிள்டு' என்ற அமைப்பை 'ஃபால்ஸ்' என்று மாற்றிவிட்டு வேலை செய்யும் பழக்கம் இந்த இரண்டாவது ஆபத்தை நேரே அழைத்து வருகிறது. அதை அணைத்ததும் பேஸ்மேக்கர் எச்சரிக்கையாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. பதில் சொல்லாத சர்வர் சுத்தமாக நின்றுவிட்டது என்று எடுத்துக்கொண்டு சேவையை உடனே மறுபக்கம் தொடங்கிவிடும். ஃபென்சிங் மாற்றும் அரை மணி நேரத்துக்கு மட்டும் அணைத்து வைக்கிறேன் என்பவர், அந்த அரை மணி நேரத்தில் ஒரு கேபிள் தளர்ந்தால் தரவைப் பணயம் வைத்தவர் ஆகிறார். வேலை முடிந்ததும் திரும்ப இயக்க மறந்துபோன கிளஸ்டர்களும் உண்டு. அவற்றின் நிலையறிக்கையில் எல்லாம் பச்சையாகவே இருக்கும்.

எத்தனை வகை, எங்கெங்கே பொய் சொல்லும்

சர்வர்களின் தாய்ப்பலகையிலேயே தனியாக ஒரு சிறிய கணினி இருக்கிறது. பிஎம்சி என்பார்கள்; எச்பிஇ அதை ஐலோ என்கிறது, டெல் ஐடிராக் என்கிறது. 1998ல் இன்டெல், எச்பி, டெல், என்இசி நான்கும் சேர்ந்து கொண்டுவந்த ஐபிஎம்ஐ நெறிமுறை வழியாக அதனிடம் 'மின்சாரத்தை நிறுத்து' என்று கேட்கலாம். மலிவு, அநேகமாக எல்லா சர்வரிலும் உண்டு, ஆகவே பெரும்பாலான கிளஸ்டர்களின் முதல் ஃபென்சிங் இதுதான். சர்வருக்கு வரும் அதே மின்சாரத்தில்தான் பிஎம்சியும் ஓடுகிறது என்பது இதன் பெரிய ஓட்டை. மின்சாரம் முற்றாகப் போனால் சர்வர் செத்தது உறுதி, ஆனால் அதைச் சொல்ல வேண்டிய பிஎம்சியும் கூடவே செத்திருக்கும். பதில் வராததால் ஃபென்சிங் தோற்றதாகக் கணக்காகும், கிளஸ்டர் உறையும்.

அந்த ஓட்டையை அடைக்கத்தான் பிடியூ. ரேக்கில் மின்சாரம் பகிரும் பட்டையில் குறிப்பிட்ட சாக்கெட்டை வலையமைப்பு வழியாக அணைப்பது. இதில் வேறு ஓர் ஆபத்து இருக்கிறது. இன்றைய சர்வர்களில் இரண்டு பவர் சப்ளை, இரண்டு பிடியூவிலிருந்து. ஒரு சாக்கெட்டை மட்டும் அணைத்தால், அணைக்கும் கட்டளையை அனுப்பும் சிறு நிரலான ஏஜென்ட் 'அணைத்துவிட்டேன்' என்று உண்மையையே சொல்லும், சர்வரோ மற்றதில் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் இரண்டு சாக்கெட்டையும் ஒரே லெவலில், அதாவது வரிசையாக முயலும் படிகளில் ஒரே படியில், சேர்த்துத் தர வேண்டும். அப்படித் தந்தால் பேஸ்மேக்கர் முதலில் இரண்டையும் அணைத்து, பிறகே இரண்டையும் போடும். டேட்டா சென்டர் ஊழியர் கேபிளை ஒழுங்கு செய்யும்போது ஒரு பிளக்கை அடுத்த சாக்கெட்டுக்கு மாற்றினால் போதும், கிளஸ்டர் அமைப்பில் ஓர் எழுத்துகூட மாறாமல் ஃபென்சிங் மாறிவிட்டது. அடுத்த முறை வேறு யாருடைய சர்வரோ அணையும். இந்த மாற்றத்துக்கு யாரும் படிவம் எழுதுவதில்லை.

மெய்நிகர் சர்வர்களில் விஎம்வேர், கேவிஎம் போன்ற ஹைப்பர்வைசரிடமும், கிளவுடில் அமேசான், அஷூர், கூகுள் தரும் ஏபிஐயிடமும் கேட்கிறோம். டிஸ்க் வழியே செய்யும் முறைகள் வேறு. எஸ்பிடி முறையில் பகிர்வு டிஸ்கின் சிறு பகுதியில் ஒவ்வொரு சர்வருக்கும் ஓர் அஞ்சல் பெட்டி இருக்கிறது. 'செத்துப்போ' என்ற செய்தி அதில் விழுந்ததும் அந்த சர்வர் தானே மறுதொடக்கம் ஆகும். டிஸ்கையே படிக்க முடியாத நிலை வந்தால் வாட்ச்டாக் டைமர் அதை வீழ்த்தும். எஃப்சி அல்லது ஐஸ்கசி டிஸ்கில் ஸ்கசி-3 நிலைமுன்பதிவு வழியாகச் சாவியைப் பறித்து, சர்வரை உயிரோடு விட்டுவிட்டு எழுதும் உரிமையை மட்டும் நீக்குவது இன்னொரு முறை.

பேஸ்மேக்கருக்கு வெளியே உள்ளவர்களும் இதே கேள்விக்குத்தான் விடை தேடினார்கள். வெரிட்டாஸ் கிளஸ்டர் மூன்று ஒருங்கிணைப்பு டிஸ்குகளை வைத்துக்கொண்டு, அவற்றில் பெரும்பான்மையைப் பிடித்தவர் பிழைப்பார் என்கிறது. ஆரக்கிள் ஆர்ஏசியில் வோட்டிங் டிஸ்க் இருக்கிறது. ஒரு சர்வரின் வலையமைப்பு ஹார்ட்பீட் இயல்பாக 30 விநாடி வராவிட்டால் அதை வெளியேற்றிவிடுவார்கள். பிராக்ஸ்மாக்ஸ் 2015ல் வெளியிட்ட 4.0 பதிப்பில் தனி ஃபென்ஸ் கருவிகளை விட்டுவிட்டு வாட்ச்டாக் வழிக்கு முழுதாக மாறியது. தொடர்பை இழந்த சர்வர் தன்னைத் தானே வீழ்த்திக்கொள்ளும், மற்றவர்கள் அதற்குப் போதுமான நேரம் காத்திருந்துவிட்டுச் சேவையை எடுத்துக்கொள்வார்கள். ஒரு மென்பொருளே தன் ஃபென்சிங் கொள்கையைத் தலைகீழாக மாற்றிய நிகழ்வு அது. எனக்கு அந்தத் தேர்வு பிடித்திருக்கிறது. சிறிய அலுவலகங்களில் தவறாக அமைத்த பிடியூவைவிட, பெட்டியைத் திறந்ததுமே வேலை செய்யும் வாட்ச்டாக் நம்பகமானது.

மாற்ற வேண்டிய கட்டாயம் எங்கிருந்து வருகிறது

யாரும் ஆசைப்பட்டு ஃபென்சிங்கை மாற்றுவதில்லை. பழைய சர்வர் போய்ப் புதிய சர்வர் வரும். ரேக்கில் இருந்தது மெய்நிகராகும், மெய்நிகரானது கிளவுடுக்குப் போகும். எஸ்பிடி இருந்த ஸ்டோரேஜ் ஓய்வு பெறும். பாதுகாப்புக் குழுவும் ஒரு நாள் கதவைத் தட்டும். அதற்கு நியாயமான காரணம் இருக்கிறது: ஐபிஎம்ஐ 2.0 நெறிமுறையின் வடிவமைப்பிலேயே, உள்நுழையாத ஒருவர் கேட்டாலும் கடவுச்சொல்லின் ஹாஷ் அவர் கைக்குப் போய்விடுகிறது. 2013ல் டான் ஃபார்மர் இதை விரிவாக வெளிக்கொண்டுவந்தார். 2015 முதல் இருக்கும் ரெட்ஃபிஷ் என்ற நெறிமுறை எச்டிடிபிஎஸ் வழியே பேசுவதால், அதற்கு மாறச் சொல்கிறார்கள். மாறலாம், மாறத்தான் வேண்டும். கடவுச்சொல்லை மட்டும் மாற்றுவதும் ஃபென்சிங் மாற்றம்தான் என்பதை அந்தக் குழுவுக்குச் சொல்லிவைக்க வேண்டும். தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை பிஎம்சி கடவுச்சொல்லைத் தானாகச் சுழற்றும் நிரலுக்குக் கிளஸ்டர் என்று ஒன்று இருப்பதே தெரியாமல் இருக்கலாம்.

பச்சை விளக்கு எதைச் சொல்கிறது

கிளஸ்டர் அமைப்பில் புதிய ஃபென்ஸ் டிவைஸை, அதாவது ஏஜென்டும் அதன் முகவரியும் கணக்கும் சேர்ந்த பதிவை, உருவாக்கியதும் நிலையறிக்கையில் அது 'ஸ்டார்டட்' என்று காட்டும். பெரும்பாலோர் அந்த இடத்தில் பழையதை நீக்கிவிடுகிறார்கள். அந்தச் சொல் என்ன உறுதி தருகிறது என்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

பேஸ்மேக்கர் ஃபென்ஸ் டிவைஸை அவ்வப்போது சோதிப்பது ஏஜென்டின் மானிட்டர் செயல் வழியாக. ஐபிஎம்ஐ ஏஜென்டில் அது சர்வரின் மின்சாரம் இருக்கிறதா இல்லையா என்று கேட்பதோடு நின்றுவிடுகிறது. ஐபிஎம்ஐயில் நிலையைப் படிக்க 'யூசர்' மட்டத்து உரிமை போதும். அணைக்க 'ஆபரேட்டர்' உரிமை வேண்டும். ஆகவே உரிமை குறைந்த கணக்கை, அந்த மட்டத்திலேயே பேசும்படி அமைத்துவிட்டால் டிவைஸ் ஆண்டுக்கணக்கில் பச்சையாக நிற்கும், தேவைப்படும் நாளில் கையை விரிக்கும். விஎம்வேரின் வி-சென்டரில் படிக்க மட்டும் உரிமை தந்த கணக்கும் அப்படியே. அஷூரில் மெய்நிகர் சர்வரைப் பார்க்கும் உரிமை ஒன்று, அதை நிறுத்தும் உரிமை வேறு, தொடங்கும் உரிமை வேறு. அமேசானிலும் விவரம் கேட்கும் அனுமதியும் நிறுத்தும் அனுமதியும் தனித்தனி. குறைந்தபட்ச உரிமை என்ற நல்ல கொள்கையைக் கையில் எடுத்துக்கொண்டு புதிய கணக்கு உருவாக்கும்போதுதான் இது நேர்கிறது.

அந்தப் பச்சை ஒரே ஒரு சர்வரின் கண்ணுக்குத் தெரிந்த பச்சை என்பது அடுத்த விஷயம். டிவைஸ் ஏதோ ஒரு சர்வரில் ஓடுவதாகக் காட்டினால், அங்கிருந்து சோதனை வென்றது என்று பொருள். அணைக்கும் வேளையில் வேறு சர்வரும் அந்த டிவைஸைப் பயன்படுத்தலாம். அந்த வேறு சர்வரிலிருந்து மேலாண்மை வலையமைப்புக்குப் பாதை இல்லை, ஃபயர்வால் தடுக்கிறது என்றால் அது நிலையறிக்கையில் எங்கும் வராது. ஐபிஎம்ஐ பேசுவது யூடிபி 623ஆம் போர்ட்டில், ரெட்ஃபிஷ் பேசுவது வழக்கமாக 443ல். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும்போது ஃபயர்வால் விதியும் மாற வேண்டும், எல்லா சர்வருக்கும் மாற வேண்டும்.

மூன்றாவது சிக்கல் இன்னும் நுட்பமானது. பழையதும் புதியதும் சேர்ந்து இருக்கும்போது சோதனை செய்தால் எது அணைத்தது என்று எப்படித் தெரியும்? லெவல் எதுவும் அமைக்காவிட்டால், அந்த சர்வரை அணைக்கத் தகுதியுள்ள டிவைஸ்களில் ஒன்றை பேஸ்மேக்கர் முன்னுரிமை எண்ணைப் பார்த்து எடுக்கும், தோற்றால் அடுத்ததை எடுக்கும். எண் எல்லாவற்றுக்கும் ஒன்றாக இருந்தால் எது முதலில் என்பது நம் கையில் இல்லை. புதியது தோற்று, பழையது அணைத்து, சர்வர் மறுதொடக்கமாகும். பார்ப்பவர் புதியது வேலை செய்கிறது என்று குறித்துக்கொள்வார். லெவல் அமைத்த கிளஸ்டரில் வேறொன்று நடக்கும்: ஒரு சர்வருக்கு லெவல் இருந்தால் அதில் பெயர் உள்ள டிவைஸ்கள் மட்டுமே கணக்கில் வரும். புதியதை உருவாக்கிவிட்டு லெவலில் சேர்க்காமல் விட்டால் அது பச்சையாகச் சும்மா நிற்கும்.

ஆகவே நான் சரியென்று கருதும் வரிசை இது. புதிய டிவைஸை உருவாக்கி முதல் லெவலில் வைப்பது, பழையதை அப்படியே இரண்டாம் லெவலுக்கு இறக்குவது. பிறகு ஒவ்வொரு சர்வரையும் வேறொரு சர்வர் அணைக்கும்படி நிஜமாகவே அணைத்துப் பார்ப்பது. ஃபென்சிங் வரலாற்றைக் காட்டும் கட்டளையில் எந்த சர்வர் எந்த சர்வரை அணைத்தது என்று இருக்கும். எந்த டிவைஸ் அணைத்தது என்பதை அறிய லாகைத் திறக்க வேண்டும். 'ரீபூட்' செயல், இலக்கு சர்வரின் பெயர், பயன்படுத்திய டிவைஸின் பெயர், திரும்பிய எண் பூஜ்யம் என்று ஒரு வரி கிடைக்கும். அந்த வரியில் புதிய டிவைஸின் பெயர் எல்லா சர்வர்களுக்கும் வந்த பிறகுதான் பழையதை நீக்குவதைப் பற்றிப் பேச வேண்டும். பூட்டை மாற்றுபவர் புதிய சாவியால் உள்ளிருந்தும் வெளியிருந்தும் திறந்து பார்த்துவிட்டுத்தான் பழைய பூட்டை எடுப்பார்.

பழையதை நீக்கவே வேண்டுமா என்றும் கேட்டுக்கொள்ளலாம். பிடியூவோ எஸ்பிடியோ இரண்டாம் லெவலில் இருப்பதால் கெடுதல் இல்லை, அது இன்னும் உண்மை சொல்லும் நிலையில் இருக்கும்வரை. கழற்றிய ஸ்டோரேஜையோ வேறு சர்வருக்குக் கொடுத்துவிட்ட சாக்கெட்டையோ குறிக்கும் பழைய டிவைஸ் மட்டும் ஒரு நாளும் இருக்கக்கூடாது.

கட்டளை மட்டும் சோதனை ஆகாது

கையால் ஃபென்ஸ் கட்டளை கொடுத்து சர்வர் அணைந்தால், ஏஜென்டும் உரிமையும் பாதையும் சரி என்று தெரிகிறது. கிளஸ்டர் தானாக முடிவெடுத்து அணைக்குமா என்பது அதில் தெரியாது. அதற்குக் கெர்னலை வேண்டுமென்றே வீழ்த்திப் பார்க்க வேண்டும். கோரோசிங்கின் 5405ஆம் போர்ட்டை ஃபயர்வாலில் அடைத்துப் பார்க்க வேண்டும். ஒரு சர்வரின் இரண்டு பவர் கேபிளையும் பிடுங்கிப் பார்க்க வேண்டும். கடைசிச் சோதனையை யாரும் விரும்புவதில்லை. ஆனால் பிஎம்சியும் சேர்ந்து சாகும் நிலையில் இரண்டாம் லெவல் கைகொடுக்கிறதா என்பதை வேறு எதுவும் காட்டாது.

அணையும் விதத்தையும் கவனிக்க வேண்டும். பவர் பொத்தானை அழுத்தியதும் லினக்ஸ் நாகரிகமாக ஷட்டவுன் செய்யும்படி அமைந்திருந்தால், பிஎம்சி கேட்டபின் சர்வர் அணைய நான்கு விநாடிக்கும் மேல் ஆகலாம், உறைந்த கெர்னலானால் அணையாமலே போகலாம். லாகின்டி அமைப்பில் பவர் கீயைப் புறக்கணிக்கச் சொல்ல வேண்டும் என்று ரெட் ஹாட் கையேடு கூறுவது இதனால்தான். அந்த வரி பழைய சர்வரில் என்றோ யாரோ எழுதியது. புதிய சர்வரை நிறுவும்போது அது கூடவே வராது. ஐபிஎம்ஐ ஏஜென்டில் அணைத்து, அணைந்ததா என்று பார்த்து, பிறகு இயக்கும் முறையை விட்டுவிட்டு 'சைக்கிள்' முறைக்கு மாற்றுவதும் தவறு. உண்மையில் அணையும் முன்பே வெற்றி என்று அறிவித்துவிடக்கூடும் என்று அந்த ஏஜென்டின் குறிப்பேடே எச்சரிக்கிறது.

நேரக் கணக்கு

ஃபென்சிங்கை மாற்றும்போது அதோடு பின்னிக் கிடக்கும் நேரங்களும் மாற வேண்டும். பேஸ்மேக்கரின் இயல்பான ஸ்டோனித் டைம்அவுட் 60 விநாடி. ஐபிஎம்ஐக்கு அது தாராளம். கிளவுடில் ஒரு மெய்நிகர் சர்வரை நிறுத்தித் தொடங்கச் சில நிமிடங்கள் ஆகலாம், ஆகவே அஷூருக்கான வழிகாட்டிகள் 900 விநாடி வரை வைக்கச் சொல்கின்றன. பழைய 60ஐ அப்படியே விட்டால் சர்வர் அணைந்துகொண்டிருக்கும்போதே முயற்சி தோற்றதாகக் கணக்கெழுதப்படும்.

எஸ்பிடியில் இந்தக் கணக்கு டிஸ்கின் தலைப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. 'எஸ்பிடி டம்ப்' கட்டளை கொடுத்தால் வாட்ச்டாக் 5, எம்எஸ்ஜிவெயிட் 10 என்று வரும். இவை இயல்பான எண்கள். முதல் எண், டிஸ்கை இத்தனை விநாடி படிக்க முடியாவிட்டால் சர்வர் தன்னை வீழ்த்திக்கொள்ளும் என்பது. இரண்டாவது, செய்தி எழுதியவர் இத்தனை விநாடி காத்திருந்தபின் எதிராளி செத்ததாக எடுத்துக்கொள்வார் என்பது. இரண்டாவது குறைந்தது முதலாவதைப்போல் இரு மடங்கு இருக்க வேண்டும், ஸ்டோனித் டைம்அவுட் அதற்கும் மேலே இருக்க வேண்டும். புதிய ஸ்டோரேஜில் மல்ட்டிபாத் ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்கு மாற 20 விநாடி எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 5 விநாடி வாட்ச்டாகோடு விட்டால், ஒரு கேபிள் பழுதானதும் எல்லா சர்வரும் ஒன்றாக விழக்கூடும். இந்த எண்களை மாற்றத் தலைப்பைப் புதிதாக எழுத வேண்டும். எஸ்பிடி சேவை கிளஸ்டரோடு சேர்ந்தே நின்று எழுவதால் கிளஸ்டரையும் மறுதொடக்கம் செய்தாக வேண்டும். 'சேவை நிறுத்தம் தேவையில்லை' என்று எஸ்பிடி மாற்றத்துக்கு எழுதக்கூடாது.

ஸ்கசி ஃபென்சிங்கிலும் இதைப் போன்ற ஒரு குழி உண்டு. டிஸ்க் பட்டியலில் ஒன்றைச் சேர்க்க வழக்கமான 'ஸ்டோனித் அப்டேட்' கட்டளையைக் கொடுத்தால், சர்வரில் ஓடும் சேவைகளெல்லாம் நின்று மறுபடி எழும். எழுதும் உரிமை மீண்டும் வழங்கப்பட வேண்டும் என்று பேஸ்மேக்கர் கருதுவதே காரணம். இதைத் தவிர்க்க ஸ்கசி டிஸ்க் பட்டியலை மட்டும் மாற்றும் தனிக் கட்டளையைப் பின்னர் பிசிஎஸ் கருவியில் சேர்த்தார்கள். அதைத் தெரிந்துகொள்ளாமல் பகலில் கைவைப்பவர் வருந்துவார்.

இருவர் மட்டும் இருக்கும்போது

இரண்டு சர்வர் கிளஸ்டரில் இணைப்பு அறுந்தால் இருவரும் ஒரே நொடியில் மற்றவரைச் சுடப் பார்ப்பார்கள். கிட்ஹப் நிறுவனத்தில் 2012 டிசம்பரில் இது பெரிய அளவில் நடந்தது. சுவிட்ச் பராமரிப்பின்போது வலையமைப்பு சற்று நேரம் உறைந்தது. வேறுவேறு ரேக்கில் ஜோடி ஜோடியாக இருந்த ஃபைல் சர்வர்கள் ஒன்றையொன்று அணைக்கக் கட்டளை அனுப்பின. வலையமைப்பு பாழாகிக் கிடந்ததால் சில கட்டளைகள் போய்ச் சேரவில்லை. இணைப்பு திரும்பியபோது சில ஜோடிகளில் இருவருமே பொறுப்பு தங்களுடையது என்று நின்றார்கள். போட்டியில் ஒருவரையொருவர் வீழ்த்தி, இரண்டும் அணைந்த ஜோடிகள் பல.

இதைத் தடுக்க ஒரு பக்கத்துக்குச் சில விநாடி தாமதம் வைப்பது வழக்கம். ஐபிஎம்ஐயில் சர்வருக்கு ஒரு டிவைஸ் என்பதால், காப்பாற்ற வேண்டிய சர்வரைச் சுடும் டிவைஸில் மட்டும் தாமதத்தை எழுதுவார்கள். பிறகு மெய்நிகராகி, வி-சென்டர் வழியே இரண்டு சர்வருக்கும் ஒரே டிவைஸ் என்று மாறும்போது அந்த வரி தொலைந்துபோகிறது. அல்லது பொது டிவைஸில் அதை எழுதி, இருவருக்கும் சமமான தாமதமாக்கி, பயனற்றதாக்கிவிடுகிறார்கள். அண்மைப் பதிப்புகளில் ஒரே டிவைஸிலேயே சர்வருக்குச் சர்வர் வேறு தாமதம் எழுதலாம். முக்கியமான சேவை எங்கே ஓடுகிறதோ அந்தப் பக்கத்துக்குச் சலுகை தரும் முன்னுரிமைத் தாமதமும் 2020 முதல் இருக்கிறது. என்னைக் கேட்டால் இரண்டாவதையே சொல்வேன், ஏனென்றால் அது டிவைஸோடு ஒட்டியிருப்பதில்லை. ஃபென்சிங்கை எத்தனை முறை மாற்றினாலும் அது நிற்கும்.

மெய்நிகர் உலகில் பெயர்ப் பட்டியல் இன்னொரு கண்ணி. கிளஸ்டரில் ஒரு பெயர், வி-சென்டரில் வேறு பெயர், இரண்டையும் இணைக்கும் வரைபடம் ஒன்று. அதில் இரண்டு பெயர் இடம்மாறினால் கிளஸ்டர் நல்ல சர்வரை அணைத்துவிட்டு, கெட்டதை அணைத்ததாக நம்பும். யாராவது மெய்நிகர் சர்வரின் பெயரைப் பின்னாளில் திருத்தினாலும் இதேதான். பெயருக்குப் பதில் யூயூஐடி எண்ணை எழுதுவது கண்ணுக்கு அழகாக இல்லை, ஆனால் அது மாறுவதில்லை. கிளவுடில் கண்ணுக்குத் தெரியாத காலாவதி ஒன்று சேர்கிறது. அஷூர் ஏஜென்டை ரகசியச் சாவி கொண்ட கணக்கோடு அமைத்தால் அந்தச் சாவிக்கு முடிவு தேதி உண்டு. சாவியே தேவைப்படாத நிர்வகிக்கப்பட்ட அடையாளத்துக்கு மாறுவது செய்யத் தகுந்த ஃபென்சிங் மாற்றங்களில் முதன்மையானது. உள் லோட் பேலன்சருக்குப் பின்னால் இருக்கும் சர்வர்களிலிருந்து அந்த ஏபிஐக்கு வெளியே போகப் பாதை இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அணைக்காமலே தடுக்கும் வழி

சர்வரை வீழ்த்துவதே தீர்வா என்ற கேள்வி பழையது. எழுதுபவர் ஒவ்வொரு முறை மாறும்போதும் ஏறிக்கொண்டே போகும் ஓர் எண்ணை அவருக்குக் கொடுத்து, பழைய எண்ணோடு வரும் எழுத்தை ஸ்டோரேஜே நிராகரித்தால் அணைக்க வேண்டிய தேவை குறையும். ஹடூப்பின் ஜர்னல் சர்வர்கள் இப்படித்தான் பழைய நேம்நோடின் எழுத்தை மறுக்கின்றன. இது மிக நல்ல வழி, ஆனால் எழுத்தை வாங்கும் பக்கம் அந்த எண்ணைப் புரிந்துகொள்ள வேண்டும். சாதாரண டிஸ்கில் எக்ஸ்எஃப்எஸ் போட்டு அதன்மேல் டேட்டாபேஸ் ஓட்டுபவருக்கு அது கிடையாது. குபர்நெட்டிஸ்கூட, பதில் சொல்லாத சர்வரில் இருந்த ஸ்டேட்ஃபுல் பாட்களைத் தானாக வேறிடத்தில் தொடங்குவதில்லை. அந்த சர்வர் சேவையில் இல்லை என்று மனிதரோ வேறு கருவியோ குறியிட்ட பிறகுதான் டிஸ்கை விடுவிக்கிறது. குறியிடுபவர் அதற்கு முன் சர்வர் உண்மையில் அணைந்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

கையால் உறுதி சொல்லும்போது

எல்லா லெவலும் தோற்றால் பேஸ்மேக்கரில் கடைசியாக ஒரு வழி இருக்கிறது. 'ஸ்டோனித் கன்ஃபர்ம்' என்ற கட்டளை. அந்த சர்வர் அணைந்துவிட்டது என்று மனிதர் கிளஸ்டருக்கு வாக்குக் கொடுப்பது அது. கொடுத்ததும் சேவை மறுபக்கம் எழும். ஃபென்சிங்கை மாற்றும் இரவிலும், அதற்கு அடுத்த சில வாரங்களிலும் இந்தக் கட்டளை தேவைப்படும் வாய்ப்பு அதிகம். அந்த நேரத்தில் தொலைபேசியில் ஐந்து பேர் காத்திருப்பார்கள், சேவை நின்றிருக்கும், 'அது எப்படியும் செத்துதானே கிடக்கிறது' என்று ஒருவர் சொல்வார். பிங் போகவில்லை என்பது சான்று ஆகாது. எஸ்எஸ்எச் நுழையவில்லை என்பதும் ஆகாது. இந்த இரண்டையும் வைத்து முடிவெடுக்க முடியாது என்பதால்தானே ஃபென்சிங் என்ற ஏற்பாடே வந்தது.

ஆகவே மாற்றத்துக்கான திட்டத்தில் ஒரு பக்கம் இதற்கென்றே வேண்டும். ரேக்கில் உள்ள சர்வரானால் அதன் எதிரே ஒருவர் நின்று, வரிசை எண்ணைப் படித்துச் சொல்லி, இரண்டு பவர் கேபிளும் வெளியே இருப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். மெய்நிகர் சர்வரானால் ஹைப்பர்வைசர் திரையில் யூயூஐடி எண்ணோடு 'பவர்டு ஆஃப்' என்று தெரிய வேண்டும். கிளவுடானால் போர்ட்டலில் 'நிறுத்தப்பட்டது' என்ற நிலை வந்திருக்க வேண்டும், 'நின்றுகொண்டிருக்கிறது' என்பது போதாது. பார்த்தவர் ஒருவர், கட்டளையைத் தட்டுபவர் வேறொருவர். தட்டும் அதிகாரம் யாருக்கு என்பதும் அந்தப் பக்கத்திலேயே, மாற்றம் தொடங்கும் முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும்.